அடையாறில் உதித்த நட்சத்திரம்: வாசகர் கேள்விகள்

ஐயா, பிரம்மஞான சபையில் ஒரு சிறுவனை உலக குரு ஆக்கினார்களாமே, உண்மையா? (பெசன்ட் நகர்)

உண்மைதான். பிரம்மஞான சபை என்பது தியசாபிகல் சொசைட்டி, எல்லா மதங்களின் ஞானத்தையும் தேடும் அமைப்பு. அதன் தலைமையகம் அடையாறு. 1909-ல் அடையாறு கடற்கரையில் ஒரு பையனை சபையின் முக்கியப் புள்ளியான லெட்பீட்டர் கவனித்தார். நோஞ்சான் உடம்பு, மந்தம் என்று பள்ளியில் அடி வாங்கும் பிள்ளை. அப்பா சபையில் வேலை பார்த்தவர். அந்த ஜே.கிருஷ்ணமூர்த்தியின் உடலில்தான் மனிதகுலத்துக்கு வழிகாட்டும் உலக குரு இறங்கப்போகிறார் என்று லெட்பீட்டர் சொல்ல, சபைத் தலைவர் அன்னி பெசன்ட் நம்பினார். அந்த வருகைக்கு உலகைத் தயார்படுத்த 1911-ல் கீழ்த்திசை நட்சத்திர சங்கம் பிறந்தது. 15 வயதுப் பையன் அதற்குத் தலைவர்.

பெற்ற அப்பா சும்மாவா இருந்தார்? (மயிலாப்பூர்)

இல்லை. பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு 1912-ல் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1914-ல் அன்றைய மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் பெசன்ட் பக்கம் சாய்ந்தது. பாவம் அந்த மனிதர்.

பல்லாயிரம் பேர் சேர்ந்த இயக்கம் எப்படி உடைந்தது? (திருவான்மியூர்)

வெளியாள் யாரும் உடைக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தியே கலைத்தார். அதன் வேர் தம்பி நித்யாவின் சாவில் இருக்கிறது என்பது என் எண்ணம். காசநோயில் கிடந்த தம்பியைக் கலிபோர்னியாவில் விட்டுவிட்டு, சபையின் பொன்விழாவுக்காக அடையாறு கிளம்பினார். சபை நம்பிய கண்ணுக்குத் தெரியாத ஞானிகளான மகான்கள் தம்பியைக் காப்பாற்றுவார்கள் என்று அவ்வளவு நம்பிக்கை. 1925 நவம்பரில் கப்பல் சூயஸ் பக்கம் வந்தபோது தந்தி வந்தது: தம்பி போய்விட்டான்.

நாலு வருடம் கழித்து, 1929 ஆகஸ்ட் 3 அன்று, ஹாலந்தின் ஓமனில் சுமார் 3,000 பேர் முன் எழுந்து நின்றார். சத்தியத்துக்குப் பாதை கிடையாது, எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்று சொல்லிச் சங்கத்தைக் கலைத்தார். சங்கத்துக்கு வந்த சொத்துகளைக் கொடுத்தவர்களிடமே திருப்பினார்கள். கூட்டத்தில் பெசன்ட் அம்மையாரும் இருந்தார். வயது 81. பிள்ளைபோல வளர்த்தவர், அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. ஆனாலும் காலில் விழக் காத்திருந்த கூட்டத்தை எழுந்து போகச் சொன்னாரே கிருஷ்ணமூர்த்தி, அதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அங்கே பார்க்க என்ன இருக்கிறது? (சைதாப்பேட்டை)

முதலில் சபை வளாகத்து ஆலமரம். தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள்தான் இன்று மரமாக நிற்கின்றன. 1925 டிசம்பரில் அதன் அடியில் உலக குருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த கிருஷ்ணமூர்த்தி, ‘அவர் வருகிறார்’ என்பதிலிருந்து சட்டென்று ‘நான் வருகிறேன்’ என்று மாறினார். அப்புறம், ஆற்றுக்கு வடகரையில் கிரீன்வேஸ் சாலையில் கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் வசந்த விகார். 1986 ஜனவரியில் அவருடைய கடைசிப் பேச்சு அங்கேதான். அதற்கு முன், 1980-ல், சபைத் தலைவர் ராதா பர்னியர் அழைக்க, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சபை வளாகத்துக்குள் வந்தார். தோப்பு வழியாக நடந்து, தன்னைக் கண்டெடுத்த அந்தக் கடற்கரை வரை போனார்.