ராகிக் காவல் பரணில் எந்த பெல்ட்டைக் கட்டுவது?

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ராகி. கதிர் பிடித்ததிலிருந்து அறுப்பு முடியும் வரை யானைக்கும் பன்றிக்கும் பயந்து புளியமரத்துப் பரணில்தான் ராத்திரி. பரண் தரையிலிருந்து 14 அடி. போன வருஷம் விடிகாலையில் இறங்கும்போது அப்பாவுக்குக் கால் தவறி, விழுந்து குதிகால் எலும்பு உடைந்தது. அமெரிக்காவில் இருக்கும் மாமா மகன், அங்கே மான் வேட்டைக்கு மரத்தில் ஏறுகிறவர்கள் உடம்பு முழுக்க ஒரு பெல்ட் போடுவார்கள் என்று படம் அனுப்பினான். தம்பி ஓசூர் கம்பெனியிலிருந்து ஒரு சேஃப்டி பெல்ட் கொண்டுவந்திருக்கிறான். அதையே போட்டுக்கொள்ளலாமா? பரணை இன்னும் உயர்த்தினால் யானைக்கு எட்டாதா?

பதில்: ஓசூர் தொழிற்சாலைகளில் உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அதற்கு முன்னால், பாலக்கோடு பக்கத்தில் நிலக்கடலைக் காவலுக்குத் தாத்தாவோடு பரணில் படுத்தவன். அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா விழுந்தது விடிகாலையில், இறங்கும்போது. மரத்தில் ஏறுகிறவர்களுக்கு ஆபத்தான நேரம் அதுதான். பரணில் உட்கார்ந்திருக்கும்போது விழுகிறவர்களும் உண்டு, முக்கியமாகத் தூங்கிப்போகிறவர்கள். ஆனால் ஏணியிலிருந்து பரணுக்கும், பரணிலிருந்து ஏணிக்கும் காலை மாற்றும் அந்த ஒரு எட்டுதான் பெரும்பாலும் ஆளைத் தள்ளுகிறது. ராத்திரி முழுக்கக் குளிரில் மடக்கி வைத்த கால் மரத்துப் போயிருக்கும், ஏணிப்படி பனியில் நனைந்திருக்கும், கண்ணில் தூக்கம் இருக்கும். 14 அடியிலிருந்து தரைக்கு வர ஒரு விநாடிகூட ஆகாது. தரையில் மோதும்போது வேகம் மணிக்கு 33 கிலோமீட்டர். குதிகாலோடு போனது உங்கள் அப்பாவின் நல்ல நேரம்.

அமெரிக்க வேட்டைக்காரர்களும் மரத்தில் விழுந்து விழுந்துதான் கற்றார்கள். முன்பு இடுப்பில் மட்டும் ஒரு வார் கட்டிக்கொண்டு ஏறினார்கள். விழுந்தவர் அதில் தொங்கும்போது வார் மேலே ஏறி நெஞ்சை நெருக்கும், மூச்சு விட முடியாது. சில சமயம் ஆள் தலைகீழாகக் கவிழ்ந்துவிடுவார். அதனால் இப்போது தோள், நெஞ்சு, இரண்டு தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் முழு உடல் பெல்ட்டைத்தான் போடச் சொல்கிறார்கள். நம் ஊரில் இடுப்பில் தாம்புக்கயிற்றைச் சுற்றிக் கிளையில் முடிச்சுப் போடுகிறார்களே, அதுவும் அந்தப் பழைய வார் மாதிரிதான். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பெல்ட்டை விட அவர்களுடைய இன்னொரு பழக்கம் எனக்குப் பிடிக்கும். கால் தரையை விட்ட நொடியிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை உடம்பு கயிற்றில் மாட்டியே இருக்க வேண்டும் என்பார்கள். பரணில் ஏறி உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்வது பாதிப் பாதுகாப்புகூட இல்லை.

இதற்கு அவர்கள் செய்யும் ஏற்பாட்டை நீங்களும் செய்யலாம். பரணில் நின்றால் தலைக்கு மேலே வரும் இடத்தில், அடிமரத்தைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டித் தரை வரை தொங்கவிட்டு, கீழேயும் இழுத்துக் கட்டுங்கள். 11 மில்லிமீட்டர் பருமனில் மீட்புப் பணிக்கென்றே விற்கும் கயிறாக இருக்கட்டும். தேங்காய் நார்க் கயிறோ, கிணற்றுக்கு வாங்கும் நைலான் கயிறோ வேண்டாம். அந்தக் கயிற்றின் மேல் 8 மில்லிமீட்டர் கயிற்று வளையம் ஒன்றை மூன்று சுற்றுச் சுற்றிப் போடுவது புருசிக் முடிச்சு. கையால் தள்ளினால் மேலும் கீழும் வழுக்கிப் போகும், ஆள் எடை திடீரென்று விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெல்ட்டின் கொக்கியை அந்த வளையத்தில் மாட்டிக்கொண்டு, ஏற ஏற முடிச்சை மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். கொக்கி தானாகத் திறக்காத திருகுப் பூட்டு உள்ளதாக இருக்கட்டும். முதலில் பகலில், இரண்டடி உயரத்தில் வேண்டுமென்றே தொங்கிப் பாருங்கள். முடிச்சின் மேல் அப்போதுதான் நம்பிக்கை வரும்.

இனி தம்பி கொண்டுவந்த பெல்ட். ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருந்து, முழு உடல் பெல்ட்டாகவும் இருந்தால் மரத்துக்கும் அது போதும். ஆனால் கூடவே வரும் கயிற்றில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அது பெரும்பாலும் 1.8 மீட்டர் நீளம். அதைப் பரண் மூங்கிலில், கால்மட்டத்தில் மாட்டிக்கொண்டு விழுந்தால் என்ன ஆகும்? கணக்குப் போடலாம். கயிறு விறைக்கும்போது உங்கள் முதுகுக் கொக்கி பரணுக்கு 1.8 மீட்டர் கீழே இருக்கும். பாதம் அதற்கும் ஒன்றரை மீட்டர் கீழே. ஆகக் கூடி 3.3 மீட்டர். அப்புறம் அதிர்வைத் தாங்க மடித்துத் தைத்திருக்கும் பட்டை பிரிந்து, கயிறு இன்னும் ஒரு மீட்டருக்கு மேல்கூட நீளலாம். உங்கள் பரண் 14 அடி, அதாவது 4.27 மீட்டர். புரிகிறதா? பெல்ட் போட்டிருந்தும் கால் தரையில்தான் மோதும். தொழிற்சாலைக் கூரை 30 அடி, அங்கே அந்த நீளம் சரி. புளியமரத்துக்கு அது ஆகாது. அதனால் அந்த நீளக் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு, தலைக்கு மேலே இருக்கும் புருசிக் வளையத்தில் குட்டையாக மாட்டுங்கள். உட்கார்ந்தால் கயிற்றில் தொய்வு அனேகமாக இருக்கக் கூடாது.

சரி, விழுந்து பெல்ட் பிடித்துக்கொண்டது. அப்புறம்? இந்தக் கேள்வியைப் பயிற்சிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பதே இல்லை. அசையாமல் தொங்கினால் தொடை வார் அழுத்தி ரத்தம் கால்களில் தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. பெல்ட்டில் ஒரு நாடா வளையம் மாட்டி வைத்திருங்கள். தொங்கும்போது அதில் பாதத்தை நுழைத்து எழும்பி நிற்க வேண்டும். அது இல்லையென்றால் காலை ஆட்டிக்கொண்டே இருங்கள், மரத்தை உதைத்துத் தள்ளுங்கள். போனும் விசிலும் சட்டைப் பையில் இருக்கட்டும். பரணில் கிடக்கும் போன் தொங்குகிறவனுக்கு உதவாது. இன்றைக்கு எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் ஓர் ஏணி இருந்தால் இன்னும் நல்லது.

பரணைப் பற்றிச் சுருக்கமாக. போன வருஷக் கயிற்றை நம்ப வேண்டாம், பனியும் வெயிலும் அதைத் தின்றிருக்கும். கட்டுகளை வருஷா வருஷம் மாற்றுங்கள். அடிமரத்தில் ஆணி அடித்துப் படி வைக்காதீர்கள். ஆணி ஒருநாள் கையோடு வரும். ஏணி பரணுக்கு மேல் மூன்றடி நீட்டிக்கொண்டு நிற்கட்டும், இறங்கும்போது பிடிக்க அது வேண்டும். ஏணியை மேலேயும் கீழேயும் கட்டுங்கள். டார்ச், தண்ணீர், கம்பளி எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கட்டி அப்புறம் மேலே இழுத்துக்கொள்ளலாம். ஏறும்போது இரண்டு கையும் ஏணிக்குத்தான். குடித்திருந்தால் அன்று ராத்திரி வேறு யாராவது போகட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் மரத்தில் இருக்கவே கூடாது.

உயர்த்துவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பேன். பெரிய ஆண் யானைக்குத் தோளே ஒன்பது, பத்து அடி. துதிக்கையைத் தூக்கினால் உங்கள் 14 அடி எட்டிவிடும். 18 ஆக்கினால் முன்காலை மரத்தில் வைத்து எட்டும். உங்களைக் காப்பது அடிமரத்தின் பருமன்தான், பிறகு யானை வரும் தடத்திலிருந்து பரண் தள்ளி இருப்பது. வள்ளி தினைப்புனம் காத்த காலத்திலிருந்து நாம் பரண் கட்டுகிறோம், ஆனால் அவள் ஓட்டியது கிளியை. யானையைக் கண்டு ஊருக்குக் குரல் கொடுக்கவும் வனத்துறைக்குச் சொல்லவும் பரண் உதவும், எதிர்த்து நிற்க உதவாது. இன்னொன்று, தை, மாசியில் புளி பழுத்துவிட்டால் அந்த மரமே யானைக்கு விருந்து. அறுப்பு தள்ளிப்போனால் வேறு மரம் பாருங்கள். யானை கொல்லைக்குள் நிற்கும்போது எந்தக் காரணத்துக்கும் இறங்காதீர்கள்.

அமெரிக்கப் படத்தைப் பார்த்து யாருக்காவது நாட்டுத் துப்பாக்கி ஞாபகம் வந்தால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். காட்டுப்பன்றியும் அதில் அடக்கம். மின்வேலியும் கூடாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன. இருட்டில் மரத்திலிருந்து இறங்கும் மனிதனுக்கும் அதே கம்பிதான்.

யாராவது விழுந்துவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோகும் பழக்கம் இங்கே உண்டு. முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அந்தப் பயணமே காலை முடக்கிவிடும். மூச்சு இருந்தால், தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு வண்டி வரும் வரை அப்படியே விடுங்கள்.

கடைசியாகத் தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: கம்பெனி அந்த பெல்ட்டை ஏன் வெளியே விட்டது? ஒருமுறை ஆள் விழுந்து தாங்கிய பெல்ட்டை மறுபடி போடக் கூடாது, வெட்டிப் போட வேண்டும். தயாரித்த மாதமும் வருஷமும் பெல்ட்டில் தைத்த சீட்டில் இருக்கும். சீட்டு கிழிந்திருந்தாலும், தையல் பிரிந்திருந்தாலும், வார் வெளுத்து விறைத்திருந்தாலும் அதை மாடு கட்ட வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று வாங்குங்கள்.