ஞாயிற்றுக்கிழமை ஹராஜுகு போகும் மகள்

கேள்வி: பத்து வருஷமாக டோக்கியோவில், நிஷி-கசாயில் இருக்கிறோம். ஒரே மகள், 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஹராஜுகு என்ற ஃபேஷன் கடைவீதிப் பகுதிக்குப் போகிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. அவள் பையில் ஒரு குவியல் தலைமுடிக்கு மாட்டும் டிக் டாக் கிளிப், கலர் கலராகக் காலுறை, பொம்மை, ஸ்டிக்கர். ஸ்டேஷன் கழிப்பறையில் உடை மாற்றிக்கொள்கிறாளாம். யாரோ எடுத்த போட்டோவை மதுரையில் இருக்கும் நாத்தனார் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு என்ன ஆச்சு, பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் குப்பையில் போடு என்கிறார் கணவர். இணையத்தில் தேடினால் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்ட பெண்கள் படமெல்லாம் வருகிறது. கெட்ட சகவாசமோ என்று பயமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டோக்கியோ

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பையைக் குப்பையில் போட விடாதீர்கள். உங்கள் மகள் செய்த தப்பு, லைப்ரரி என்று சொன்ன பொய். கிளிப்பில் தப்பு இல்லை. இரண்டையும் சேர்த்துத் திட்டினால் அடுத்த முறை பையை இன்னும் பத்திரமாக ஒளித்துவைப்பாள், அவ்வளவுதான் நடக்கும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவளுடையது 'டெகோரா' அலங்காரம். 1990-களின் பிற்பகுதியில் ஹராஜுகு தெருவில் இளம் பிள்ளைகள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. முன்முடியே தெரியாதபடி கிளிப், கழுத்தில் நாலைந்து பிளாஸ்டிக் மாலை, ஒன்றன்மேல் ஒன்றாகக் காலுறை, மூக்கின் மேல் குறுக்கே படம் போட்ட பிளாஸ்திரி. நடந்தால் சலசலவென்று சத்தம் கேட்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொண்ட மாதிரி தெரியும். கிட்டத்தில் பாருங்கள், காலுறையில் உள்ள மஞ்சள் நிறமே கிளிப்பிலும் இருக்கும், மாலையிலும் இருக்கும். நம் ஊரில் கல்யாணப் பெண்ணின் ஜடையில் முடி தெரியாமல் பூ வைத்துத் தைப்பதில்லையா? நிறைய இருப்பதே அங்கே அழகு. பெரிய பணமும் தேவையில்லை. 100 யென் கடையில் வாங்கியதும் கையால் கோத்ததுமாகவே ஒரு முழு அலங்காரத்தை முடித்துவிடலாம்.

நீங்கள் பார்த்த கறுத்த முகப் பெண்கள் 'கங்குரோ'. அது ஹராஜுகுவுக்கு அடுத்த ஸ்டேஷனான ஷிபுயாவில், ஷிபுயா 109 என்ற ஃபேஷன் கடைக் கட்டடத்தைச் சுற்றி, 'கியாரு' எனப்படும் பகட்டு அலங்காரப் பெண்களிடையே வளர்ந்த வேறு கூட்டம். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. வெள்ளை நிறமும் அடக்கமும்தான் பெண்ணுக்கு அழகு என்று சொல்லப்பட்டதை எதிர்த்து நின்றவர்கள். ஒரே ஞாயிறில் ஹராஜுகுவில் சரிகைத் தொப்பியும் குடைப்பாவாடையுமாக 'லோலிட்டா' என்ற பாணியில் உடுத்திய பெண்களைப் பார்க்கலாம். பொம்மை மாதிரி இருந்தாலும் கழுத்துமுதல் முழங்கால்வரை மூடிய உடை அது. ஆண்களைக் கவர உடுத்துவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லோலிட்டா உடைக்குப் பெயர்போன மிசாகோ ஆவோகி தொழிலால் நர்ஸ். ஜப்பான் வெளியுறவு அமைச்சகமே 2009-இல் அவரையும் இன்னும் இரண்டு பெண்களையும் நாட்டின் 'கவாய் தூதர்'களாக நியமித்தது ('கவாய்' என்றால் கொஞ்சத் தோன்றும் அழகு). ஹராஜுகு பாணிக்கென்றே அந்த மூவரில் ஒருவர் இருந்தார். உங்கள் கணவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

ஹராஜுகுவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. போருக்குப் பின் அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் குடியிருப்பு அதன் பக்கத்தில்தான் இருந்தது. இன்று அந்த இடம் யோயோகி பூங்கா. 1980 வாக்கில் தகதகக்கும் அங்கிகளில் பிள்ளைகள் அங்கே ஞாயிறுதோறும் ஆடினார்கள். அதற்காக ஞாயிறுகளில் வண்டிகளை நிறுத்தி நடப்பவர்களுக்கு விட்டிருந்த சாலையை 1998-இல் மறுபடியும் வண்டிகளுக்கே விட்டுவிட்டார்கள். 1997-இல் 'ஃப்ரூட்ஸ்' பத்திரிகையைத் தொடங்கி இந்தப் பிள்ளைகளை உலகத்துக்குக் காட்டிய ஷோயிச்சி ஆவோகி, படமெடுக்கத் தகுந்த பிள்ளைகள் இல்லை என்று சொல்லி 2017-இல் அதை நிறுத்தினார். ஹராஜுகு செத்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். அதற்குப் பிறகும் பை நிறையக் கிளிப்போடு ஒரு பெண் அங்கே போய் நிற்கிறாள் என்றால், எனக்கு மனசு நிறைகிறது.

பயப்பட வேண்டியது வேறொன்று. ஹராஜுகுவின் தகேஷிதா தெருப் பக்கம், "மாடல் ஆகலாமே" என்று விசிட்டிங் கார்டு நீட்டுகிறவர்கள் உண்டு. சிலர் உண்மையான நிறுவனத்தார். சிலர் பயிற்சிக் கட்டணம், போட்டோ கட்டணம் என்று பணம் கறக்கிறவர்கள். இப்போது அவளுக்கு 17. பெற்றோர் சம்மதமில்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும் பொதுவாக ரத்து செய்ய வழி உண்டு. ஆனால் ஜப்பானில் 2022 ஏப்ரல் முதல் 18 வயதே மேஜர். பிறந்தநாள் கழிந்தபின் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எந்தக் காகிதத்தையும் வீட்டுக்குக் கொண்டுவராமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதைக் கறாராகச் சொல்லுங்கள். நுகர்வோர் உதவி எண் 188 அவள் போனில் இருக்கட்டும். போட்டோ எடுக்கக் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. கேட்காமல் எடுத்தால் அழிக்கச் சொல்லலாம். பள்ளிப் பெயரும் வீட்டு ஸ்டேஷனும் எந்தப் பதிவிலும் வரக் கூடாது.

இதையெல்லாம் அவள் காதுகொடுத்துக் கேட்க வேண்டுமென்றால் ஒளிந்து மாற்றும் நிலை போக வேண்டும். வீட்டிலேயே உடுத்திக்கொண்டு கிளம்பட்டும். பின்னந்தலையில் கிளிப் மாட்ட அவளுக்குக் கை எட்டாது, நீங்கள் மாட்டிவிடுங்கள். ஒரு ஞாயிறு நீங்கள் இருவருமே கூடப் போங்கள். டோசாய் லைனில் ஏறி ஓதேமாச்சியில் சியோடா லைனுக்கு மாறினால் மெய்ஜி-ஜிங்குமாயேயில் இறங்கிவிடலாம். அவள் சிநேகிதிகளைப் பார்த்து, பெயர் கேட்டு, ஒரு கிரேப் (இனிப்பு தோசைச் சுருள்) வாங்கிக் கொடுங்கள். யாரோடு சேர்கிறாள் என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நாத்தனாருக்கு விளக்கம் எழுத வேண்டாம். அடுத்த போட்டோவை நீங்களே அனுப்புங்கள். பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை மாதத்தில் எத்தனை ஞாயிறு என்பதை மட்டும் அவளையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.