கேளுங்க சொல்றேன்: ஜோர்டானா, லெப்ரானா?

கேள்வி: சார், நான் 90கள்ல கேபிள் டிவில மைக்கேல் ஜோர்டானோட பாஸ்கெட்பால் ஆட்டம் பாத்து வளந்தவன். என் பையனுக்கு 16 வயசு, அவனுக்கு லெப்ரான் ஜேம்ஸ்தான் சாமி. டெய்லி ராத்திரி சாப்பாட்டுல இதே சண்டை, தோசை ஆறிப்போகுது. உண்மையிலயே யாரு சார் பெஸ்ட்? (ஒரு அப்பா, செம்பூர்)

பதில்: தோசைய மொதல்ல சாப்பிடுங்க, இது ஆறாத சண்டை.

நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு எனக்கு தெரியும், 6 ஃபைனல் 6 கப்பு, ஆறுலயும் ஃபைனல் எம்விபி (ஃபைனலோட பெஸ்ட் ஆட்டக்காரர் விருது), 10 தடவை ஸ்கோரிங் டைட்டில், 98ல யூட்டா கோர்ட்ல 5 செகண்டு பாக்கி இருக்கறப்ப அந்த கடைசி ஷாட். பையன் என்ன சொல்லியிருப்பான், 40,000 பாயிண்ட்ட தாண்டின ஒரே ஆளு, 10 ஃபைனல், 2016ல, அந்த சீசன்ல 73 மேட்ச் ஜெயிச்ச வாரியர்ஸ் டீம்கிட்ட ஏழு மேட்ச் ஃபைனல்ல 3-1ன்னு பின்தங்கி அப்புறம் கப்ப தூக்கினான்னு. ரெண்டு பேரும் சொல்றது நிஜம்தான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, ரெண்டு பேருமே ஆள முடிவு பண்ணிட்டு அப்புறமாதான் எடைக்கல்ல தேடுறீங்க.

"ஜோர்டான் ஃபைனல்ல தோத்ததே இல்ல"ன்னு நம்ம செட்டு ஆளுங்க நெஞ்ச நிமித்தி சொல்வோம், நானும் இருபது வருஷம் சொல்லியிருக்கேன். ஆனா அவரோட மொத மூணு சீசன்லயும் அவரு டீம் புல்ஸ் பிளேஆஃப் (நாக்அவுட்) மொத ரவுண்டுலயே வெளிய போச்சே, அது கணக்குல வராதா? ஃபைனல் வரைக்கும் வந்து தோத்தா கேவலம், மொத ரவுண்டுல தோத்தா கேஸே இல்லன்னா அது எந்த ஊரு நியாயம். லெப்ரானோட 10 ஃபைனல்ல 6 தோல்விய வெச்சு அவன அடிக்கறது எனக்கு இப்ப ஒத்துக்கறதில்ல.

சரி நீ யாருக்கு ஓட்டு போடுவன்னு கேட்டா, ரெண்டு பேருக்கும் இல்ல. கரீம் அப்துல் ஜப்பார். திட்டாதீங்க, கேளுங்க. 6 கப்பு, ஜோர்டானுக்கு சமம். சீசனோட பெஸ்ட் ஆட்டக்காரருக்கு குடுக்கற எம்விபி 6, அது இன்னிக்கு வரைக்கும் வேற யாருக்கும் இல்ல, ஜோர்டானுக்கு 5, லெப்ரானுக்கு 4. 38,387 பாயிண்ட், லெப்ரான் 2023 பிப்ரவரில தாண்டற வரைக்கும் அதான் ரெக்கார்டு. மொத ஃபைனல் எம்விபி 1971ல, ரெண்டாவது 1985ல, அப்ப வயசு 38! அவரு காலேஜ்ல ஆடறப்ப 1967ல டங்க் (எகிறி பந்த கூடைக்குள்ள திணிக்கறது) அடிக்கக்கூடாதுன்னே ரூல் போட்டாங்க, இவருக்காகத்தான் போட்டாங்கன்னு ஊரே பேசிச்சு, மனுஷன் அசரல, ஸ்கைஹூக்க இன்னும் தீட்டிக்கிட்டாரு.

ஸ்கைஹூக்னா என்னன்னு எனக்கு புரிஞ்சது டிவில இல்ல, மாட்டுங்கால ஒரு கோர்ட்ல. ரயில்வேல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு மாமா சாயங்காலம் வருவாரு, அறுபத்தஞ்சு வயசு, ஓட மாட்டாரு, முட்டிவலி. கூடைக்கு பக்கவாட்டா நிப்பாரு, எடது தோள நம்ம நெஞ்சுல லேசா வெப்பாரு, வலது கைய மட்டும் நீட்டி தலைக்கு மேல வளைச்சு விரல் நுனில இருந்து பந்த விடுவாரு. பந்துக்கும் நமக்கும் நடுவுல அவரு ஒடம்பு மொத்தமும் இருக்கு, எப்படி பிளாக் பண்றது? காலேஜ் பசங்க எகிறி எகிறி பாத்தானுங்க, ஒருத்தன் கையும் எட்டல. மாமா என்னவோ அஞ்சே முக்கால் அடி. இதையே 7 அடி 2 இன்ச் ஆளு 20 சீசன் பண்ணா என்ன ஆகும்னு யோசிங்க.

அப்புறம் ஒண்ணு, 2024 அக்டோபர்ல லெப்ரானும் அவரு பையன் பிரானியும் ஒரே டீம்ல சேந்து ஆடினாங்க, என்பிஏல, அதான் இவங்கல்லாம் ஆடற அமெரிக்கா லீக்ல, அப்பாவும் பையனும் சேந்து ஆடினது அதான் மொத தடவை. நீங்க ஒரே டேபிள்ல சாப்பிடறதுக்கே இவ்ளோ சண்டை.

கேள்வி: கப்புதான் கணக்குன்னா 60கள்ல பாஸ்டன் டீம்ல ஆடின பில் ரஸ்ஸல் 11 கப்பு வெச்சிருக்காரே, அவர ஏன் யாரும் சொல்றதில்ல? (காலேஜ் ஸ்டூடண்ட், தாராவி)

பதில்: செம பாயிண்ட் தம்பி. 13 சீசன்ல 11, கடைசி ரெண்டு கோச்சாவும் இருந்துக்கிட்டே ஆடி ஜெயிச்சது. அவரு வந்தப்ப லீக்ல இருந்ததே 8 டீம்தான், அதனால ஈசின்னு சொல்வாங்க, 8 டீம்னா ஒவ்வொரு டீம்லயும் பெரிய தலைங்க குவிஞ்சிருக்கும்ங்கறத மறந்துடுவாங்க. இன்னொரு கொடுமை, பிளாக் எண்ணி கணக்கு வெக்க ஆரம்பிச்சதே 1973-74 சீசன்ல, ரஸ்ஸல் ரிட்டயர் ஆனது 69. அவரு பொழப்பே பிளாக்குதான், அதுல ஒண்ணு கூட அஃபிஷியல் கணக்குல கெடையாது. ஃபைனல் எம்விபி விருதே 69லதான் ஆரம்பிச்சாங்க, அதையும் தோத்த லேக்கர்ஸ்ல இருந்த ஜெர்ரி வெஸ்டுக்கு குடுத்துட்டாங்க. இப்ப அந்த விருதுக்கு பேரு வெச்சிருக்கறது ரஸ்ஸல் பேரு!

கேள்வி: எங்க வீட்டுக்காரர் காலைல ஆறு மணிக்கு மேட்ச் போட்டு உக்காந்துடறாரு, தண்ணி புடிக்க கூட எழுந்திருக்க மாட்டேங்கறாரு. என்ன பண்ண? (ஒரு சகோதரி, சயான்)

பதில்: ஹாஃப் டைம் 15 நிமிஷம் இருக்கும்மா. பக்கெட்ட அப்ப கைல குடுங்க.

கேள்வி: 2019ல மும்பை வொர்லி டோம்ல நடந்த என்பிஏ மேட்சுக்கு போனீங்களா? (வாசகர், முலுண்ட்)

பதில்: டிக்கெட் கெடைக்கல, வீட்லதான் பாத்தேன். கிங்ஸும் பேசர்ஸும் ரெண்டு மேட்ச், மொதல்ல ஓவர்டைம் போயி 132-131னு பேசர்ஸ் ஜெயிச்சுது. அடுத்த நாளும் அவங்கதான்.

கேள்வி: எல்லாம் ஆம்பளைங்க பேரா சொல்றீங்களே அண்ணா? நான் ஸ்கூல் டீம்ல பாயிண்ட் கார்டு. (10ம் வகுப்பு, காட்கோபர்)

பதில்: தப்புதான்மா, சரியா புடிச்ச. டயானா டாராசி, பொம்பளைங்க லீக் டபிள்யூஎன்பிஏல 10,000 பாயிண்ட் தாண்டின மொத ஆளு, ஒலிம்பிக்ல 6 தங்கம், 2004ல இருந்து 2024 வரைக்கும் ஒண்ணு கூட விடல. நம்ம பக்கம் அனிதா பால்துரை, சென்னைப் பொண்ணு, இந்தியா டீமுக்கு கேப்டனா இருந்தவங்க, 2021ல பத்மஸ்ரீ. உன் அடுத்த மேட்ச் எங்கன்னு எழுது, வந்து பாக்கறேன்.