நாக்கில் ஒட்டாத பீங்கான்

வணக்கம் சார்,

போத்தனூரில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பூச்சு வேலை முடிந்துவிட்டது. சாப்பாட்டு மேசைக்கு மேலேயும் நடையிலும் பழைய பாணி பீங்கான் விளக்குகளைத் தொங்கவிட எனக்கு ஆசை. வெள்ளைப் பீங்கான், பித்தளை மூடி, துணி சுற்றிய வயர். ஆன்லைனில் மூன்று வாங்கியும் விட்டேன், படம் இணைத்திருக்கிறேன். பழைய வீட்டிலும் பீங்கான் ஹோல்டர்கள்தான் இருந்தன, இடித்தபோது மண்ணோடு போய்விட்டன. "இடித்துத் தள்ளியதையே காசு கொடுத்து வாங்குகிறாயா?" என்கிறார் கணவர். காரைக்குடிக்குப் போய் அசல் பழசே வாங்கியிருக்கலாமோ? வயர் சிவப்பா, கறுப்பா? தூசி படியுமா? ஒரு லைட்டுக்கு இவ்வளவு யோசிப்பது அதிகப்படியா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா வயர்மேன். சிதம்பரத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் விளக்கைப் போட்டவர். பெட்டியில் வயரைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் பீங்கான் கிளீட் ஒரு பிடி, பல்பு மாட்டும் பேட்டன் ஹோல்டர் ஒன்று, ஃபியூஸ் கம்பி மாட்டும் பீஸ் கட்டை இரண்டு. எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தேன், அரை நூற்றாண்டு அழுக்கு போய் நேற்றுச் சூளையிலிருந்து எடுத்தது மாதிரி வெளுத்து நின்றன. அந்த ஈரக்கையோடுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். "மண்ணோடு போய்விட்டன" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நிலையையும் ஜன்னலையும் மரக்காரரிடம் விலை பேசித்தானே விற்றிருப்பீர்கள்? ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு மணி நேரம், அவ்வளவு போதும், தாத்தா கையால் போட்டு அணைத்த விளக்கின் ஹோல்டர் இன்று உங்கள் கையில் இருந்திருக்கும். மாட்டாவிட்டாலும் அலமாரியில் இருந்திருக்கும். உங்கள் பக்கத்துக்கு 1930களில் பைக்காராவிலிருந்து கரண்டு வந்தபோது, சுவரில் கை வைக்கவே பயந்த ஒரு தலைமுறைக்குத் தைரியம் கொடுத்தது அந்த வெள்ளைக் கட்டிதான். கணவர் சொல்வதில் நியாயம் பாதி இருக்கிறது, ஆனால் இடிக்கும்போது அவரும் அங்கேதானே நின்றிருப்பார்? விடுங்கள், போனது போனதுதான். ஆசைப்பட்டு வாங்கியதில் தப்பு இல்லை.

பள்ளி விடுமுறையில் அப்பாவோடு வேலைக்குப் போவேன். கிளீட் டப்பாவைப் பிடித்துக்கொள்வதும், கேட்கும்போது இரண்டிரண்டாக எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. பீஸ் கட்டைகளை அவர் விருத்தாசலத்துப் பட்டறைகளில் போய் வாங்கி வருவார். பக்கத்திலேயே நெய்வேலியில் வெள்ளைக் களிமண் கிடைக்கும், அங்கே சூளைகள் நிறைய. புதுச் சரக்கு வாங்கும்போது உடைந்த சில்லு ஒன்றைக் கேட்டு வாங்கி, உடைந்த பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார். பளபளப்புப் பூச்சு இருக்கும் பக்கம் அல்ல, உள்சதை தெரியும் பக்கம். ஒரு தடவை என் நாக்கிலும் வைத்தார். சில்லென்று இருந்தது, ஒட்டவில்லை. அப்புறம் உடைந்த பூந்தொட்டிச் சில்லு ஒன்றை வைத்தார். அது நாக்கைப் பிடித்து இழுத்தது. "ஒட்டினா தண்ணி குடிக்கும். தண்ணி குடிச்சா கரண்டு பாயும்" என்றார். 1300 டிகிரிக்கு மேல் வெந்த பீங்கானில் தண்ணீர் போக நுண்துளை இருக்காது, வேகாத மண்ணில் இருக்கும். இதைப் பிற்பாடுதான் நான் புத்தகத்தில் படித்தேன், அவருக்கு அது நாக்கிலேயே இருந்தது.

வேலை தொடங்குமுன் மெயினில் இருக்கும் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மேலே அவர் கை வயரில் இருக்கும்போது கீழே யாரும் தெரியாமல் கரண்டைப் போட்டுவிட முடியாது. அந்தக் கனத்தில் சட்டை ஒரு பக்கமாகத் தொங்கும். அவர் உயிர் அந்தப் பையில் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. கரண்டு மிஞ்சினால் தானே அணையும் எம்.சி.பி. ஸ்விட்ச் வந்தபின் பீஸ் கட்டைக்கு வேலை குறைந்துவிட்டது. இப்போது விருத்தாசலத்தில் பொம்மையும் அகல் விளக்கும் செய்கிறார்கள்.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். நீங்கள் வயரின் நிறத்தைக் கேட்கிறீர்கள், நான் ஹோல்டரின் உள்ளே இருக்கும் மரையைப் பார்க்கிறேன். நம் வீடுகளில் வழக்கமாக இருப்பது அழுத்தித் திருப்பி மாட்டும் பின் பல்பு, குறுக்களவு 22 மில்லிமீட்டர். அதற்கு அடியில் இருக்கும் இரண்டு பொட்டு வழியாகத்தான் கரண்டு போகும், பித்தளைத் தொப்பியில் கரண்டு கிடையாது. நீங்கள் வாங்கியது 27 மில்லிமீட்டர் திருகு ஹோல்டர். இதில் பல்பின் மரையே ஒரு கம்பிதான். நடுப்பொட்டுக்கு பேஸ், அதாவது கரண்டு வரும் வயர், மரைக்கு நியூட்ரல், அதாவது கரண்டு திரும்பிப் போகும் வயர் என்றுதான் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் விளக்கு ஜோராக எரியும், எரிவதனால் யாருக்கும் தெரியாது, என்றைக்காவது பல்பைத் திருகி எடுக்கும்போது பாதியில் வெளியே தெரியும் மரையில் விரல் படும், அன்றைக்குத்தான் தெரியும்.

என் தங்கை வீட்டில் அப்படித்தான் தெரிந்தது. இதே மாதிரி தொங்குவிளக்கு. ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினாள். ஆனால் வயரிங் செய்த ஆள் ஸ்விட்சை நியூட்ரலில் போட்டிருந்தார். விளக்கு அணைந்திருந்தது, ஹோல்டரில் கரண்டு அப்படியே நின்றது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அதோடு போனதே என்று நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். வெளியே எவ்வளவு நல்ல பீங்கான் இருந்து என்ன, உள்ளே வயர் இடம் மாறியிருந்தால்?

ஆகவே திரும்பச் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். எலக்ட்ரீஷியன் மாட்டி முடித்ததும் பல்பு போடாமல், டெஸ்டர் வைத்து உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். ஸ்விட்ச் அணைந்திருந்தால் நடுப்பொட்டிலும் எரியக் கூடாது, மரையிலும் எரியக் கூடாது. போட்டால் நடுப்பொட்டில் மட்டும் எரிய வேண்டும். மூன்று விளக்கிலும். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். பித்தளை மூடிக்கு எர்த் வயர் வேண்டும். உங்கள் படத்தில் இரண்டு வயர்தான் தெரிகிறது, அதைக் கேளுங்கள். போர்டில் கரண்டு கசிந்தால் உடனே தானே அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் பெயிண்டுக்கு வைத்திருக்கும் காசில் கொஞ்சம் எடுத்து முதலில் அதைப் போடுங்கள். விளக்கின் பாரம் வயரின் ஸ்க்ரூவில் தொங்கக் கூடாது. அப்பா ஹோல்டருக்குள் இரண்டு இழையையும் பின்னி ஒரு முடிச்சுப் போட்டு, பாரத்தை அந்த முடிச்சில் நிறுத்துவார். இப்போது அதற்கு கிளாம்ப் வருகிறது, உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அசல் பழசு கிடைக்கும், போய்ப் பாருங்கள், கண்ணுக்கு விருந்து. ஆனால் பழைய துணி வயரை அப்படியே மாட்டிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் காய்ந்து, வளைத்தால் பொடியாக உதிரும். மயிரிழை விரிசல் விட்ட பீங்கானை அலமாரியில் வையுங்கள். பல்பு 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் வெளிச்சம் தரும் எல்.இ.டி. போடுங்கள், சோற்றின் வெள்ளை இதமாகத் தெரியும். தூசி எங்கும்தான் படியும், துடைத்தால் போகும். வயர் உங்கள் இஷ்டம்.

இவ்வளவு யோசிப்பது அதிகப்படியா என்று கேட்டிருந்தீர்கள். அம்மா, இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வரும் குழந்தை கை நீட்டித் தேடப்போவது அந்த ஸ்விட்சைத்தான். இன்னும் யோசியுங்கள்.

வீடு முடிந்ததும் ஹாலின் படம் அனுப்புவீர்கள், தெரியும். அதற்கு முன்னால் ஹோல்டரைப் பூட்டும் முன் உள்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எந்த வயர் எந்த ஸ்க்ரூவில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.