ஜோ பிரவுன்னு ஒரு கவர்னர் – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அமெரிக்க சிவில் வார் பத்தின உங்க கட்டுரையில ஜார்ஜியா கவர்னர் ஜோசப் பிரவுனுக்கு ஒரே ஒரு வரிதான். ஜட்ஜா இருந்து கவர்னர் ஆனவர், மாநில உரிமைக்காக, பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களோட ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸையே எதிர்த்தவர். அவரை ஏன் கண்டுக்காம விட்டீங்க?

வணக்கம்.

எதிர்த்தாரு, உண்மைதான். 1862 ஏப்ரல்ல தெற்கு அரசு கட்டாய ராணுவ சேவைச் சட்டம் போட்டப்ப இது செல்லாதுன்னு டேவிஸுக்கு லெட்டர் மேல லெட்டர் எழுதினாரு, தன்னோட மிலிஷியா (மாநிலத்தோட சொந்தப் படை) ஆபீசர்ஸை அந்தப் பிடியிலேர்ந்து காப்பாத்துனதுல 'ஜோ பிரவுனோட செல்லப்பிள்ளைங்க'ன்னு அவங்களுக்குப் பட்டப்பேரே வந்துடுச்சு. 1864ல அட்லாண்டா நகரம் வடக்குப் படைகிட்ட விழுந்ததும் மிலிஷியாவை அறுவடை பாக்க வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

ஆனா இதுக்குப் பேரு கொள்கையா? எனக்கு அப்படித் தோணல. ஆளு வடக்கு ஜார்ஜியா மலைப்பக்கம் வளர்ந்தவர், காளைங்களை ஓட்டிட்டுப் போய் சாப்பாட்டுச் செலவுக்குக் குடுத்துப் படிச்சவர், அப்புறம் யேல்ல சட்டம். 1855ல சர்க்யூட் ஜட்ஜ். 1857ல கவர்னர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற டெமாக்ரட் கட்சி மாநாட்டுல பெரிய தலைங்க யாருக்கும் போதுமான ஓட்டு விழாம இழுத்துக்கிட்டே போய் கடைசில இவர் பேரு வந்துச்சு, சேதி வந்தப்ப வயல்ல கோதுமைக் கதிர் கட்டிட்டு இருந்தாராம். இவரோட பலமே சின்ன விவசாயிங்கதான். போர் நடக்கும்போது பருத்தி சாகுபடிக்கு வரம்பு, தானியத்துல சாராயம் காய்ச்சத் தடை, சிப்பாய் குடும்பங்களுக்கு உப்புன்னு அவங்க வயித்தைப் பாத்தாரு, அதான் தொடர்ந்து 4 தடவை ஜெயிச்சாரு.

அதே ஜனங்களுக்குத்தான் 1860 டிசம்பர்ல பகிரங்கமா ஒரு கடிதம் எழுதி, அடிமை முறை போனா ஏழை வெள்ளைக்காரனுக்குத்தான் முதல் அடின்னு பயம் காட்டினாரு. மாநில உரிமைன்னு அவரு சொன்னதுக்குள்ள இருந்த சரக்கு இதுதான் சார். 1861 ஜனவரி 3ந்தேதி மத்திய அரசோட புலாஸ்கி கோட்டையைப் பிடிக்க வச்சாரு, ஜார்ஜியா அமெரிக்காவிலேர்ந்து பிரிஞ்சதே 19ந்தேதிதான்!

1864 நவம்பர்ல வடக்குத் தளபதி ஷெர்மனோட படை வருதுன்னு தெரிஞ்சு அப்போதைய தலைநகர் மில்லெட்ஜ்வில்ல இருந்த கவர்னர் மாளிகையிலேர்ந்து கம்பளம், திரைச்சீலை, சமையக்கட்டு முட்டைக்கோஸு வரைக்கும் ரயில்ல ஏத்திட்டாரு, துப்பாக்கியும் அரசாங்க ஆவணங்களும் அங்கேயே கிடந்துச்சுன்னு ஷெர்மனே எழுதியிருக்காரு (எதிரி எழுதினது, கொஞ்சம் தள்ளுபடி பண்ணிக்கங்க).

போர்ல தெற்கு தோத்து, வாஷிங்டன் ஜெயில்ல கொஞ்ச நாள் இருந்து வெளிய வந்தவர் நேரா லிங்கனோட கட்சியான ரிபப்ளிகன் பக்கம் சாஞ்சு 1868ல மாநில சீஃப் ஜஸ்டிஸ் ஆயிட்டாரு. அப்புறம் திரும்ப டெமாக்ரட், 1880ல செனட்டர். நடுவுல மாநில ரயில்வேயைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனிக்குத் தலைவர். அவரோட டேட் நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்தது அரசாங்கத்துக்கிட்ட குத்தகைக்கு எடுத்த கைதிங்க, பெரும்பாலும் கறுப்பர்கள். செனட்டரா இருந்த காலத்துலயும் அது நடந்துட்டுதான் இருந்துச்சு.