செய்தித்தாள்களே மூடப்படும் காலத்தில் பிரிண்டிங் படிக்கலாமா?

தம்பியை பிரிண்டிங் டிப்ளமோவில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்செட் அச்சகம் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். செய்தித்தாளின் கதையும் அச்சகத்தின் கதையும் ஒன்றல்ல.

செய்தித்தாளுக்கு நாம் கொடுக்கும் காசு, காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்குமே பத்தாது. மிச்சத்தைச் சுமந்தது விளம்பரம். வீடு வாடகைக்கு, மணமகள் தேவை, பழைய வண்டி விற்பனைக்கு என்று பக்கம் பக்கமாக வந்த வரி விளம்பரங்களை ஆளுக்கொரு செயலி பிடுங்கிக்கொண்டது. வியன்னாவில் 1703-இல் தொடங்கிய 'வீனர் சைட்டுங்' நாளிதழ் 2023 ஜூன் 30-ஓடு தினசரி அச்சை நிறுத்தியது. நிறுவனங்கள் அதில் காசு கட்டி அறிவிப்பு போட்டே ஆகவேண்டும் என்ற சட்டம் நீங்கியதுதான் காரணம். வருமானம் போனது, பேப்பரும் போனது.

எங்கள் பக்கம் வேறு மாதிரி. பில் புக்கும் லெட்டர்பேடும்தான் சின்ன அச்சகங்களின் சோறு. ஜிஎஸ்டி வந்து கடைகள் கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறியதும் அது படுத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை சொந்தபந்தத்துக்கு மட்டும் அச்சாகிறது, மற்றவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப். பத்திரிகையில் அச்சடிக்க வேண்டிய மேட்டரும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, செல்போன்கள் பயன்படுத்தும் பொது எழுத்துமுறையான யூனிகோடில். பல அச்சகங்களில் இன்னும் ஓடுவது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. கன்வர்ட்டரில் போட்டு பழைய எழுத்துருவுக்கு மாற்றி, எங்கே கொம்பு இடம் மாறியிருக்கிறது என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். தாய்மாமன் பெயரில் ஒரு கொம்பு தவறினால் மண்டபத்தில் சண்டை!

ஆனால் அட்டைப்பெட்டி, லேபிள், ஸ்டிக்கர் வேலைகள் கூடியிருக்கின்றன. வீட்டிலிருந்தே மசாலாப்பொடி, சோப்பு செய்து இன்ஸ்டாகிராமில் விற்பவர்களுக்கும் பெட்டி வேண்டும், அதில் பளபளப்பு வேண்டும். அவர்களை அனுப்பி வைத்ததே இணையம்தான். தீப்பெட்டி, பட்டாசு லேபிளில் கை பழகிய சிவகாசிக்கு இது புது வித்தையும் இல்லை.

எனவே தாராளமாகச் சேருங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே அந்தப் படிப்பின் பெயர் இப்போது 'பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி'. டை கட்டிங் (அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டுவது), லேமினேஷன் (மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டுவது), கலர் மேட்சிங் (கேட்ட நிறத்தை அச்சில் அப்படியே கொண்டுவருவது) மூன்றையும் தம்பி ஏதாவது ஒரு பட்டறையில் நின்று பழகட்டும். டிடிபி (கம்ப்யூட்டரில் டைப் செய்து பக்கம் அமைப்பது) மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.