காத்திருந்த நாள்களின் மகிழ்ச்சி

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மகன் கல்லூரி விடுதிக்குச் சென்றபின் எல்லா நாளும் ஒன்றுபோலவே கழிகிறது. சென்ற தை மாதம் அண்ணன் மகளுக்குத் திருமணம். அதற்கு முந்தைய நான்கு மாதங்கள், புடவை எடுப்பதும் அழைப்பிதழுக்குப் பெயர் எழுதுவதும் சீர்ச் சாமான் சேர்ப்பதுமாக அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தேன். முகூர்த்த நாளன்று களைப்புதான் மிஞ்சியது, மறுவாரம் வெறுமை. எதிர்பார்ப்பே துன்பத்துக்குக் காரணம், இன்றைய பொழுதில் வாழுங்கள் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். அப்படியானால் நான் அனுபவித்தது பொய்யான மகிழ்ச்சியா? ஒவ்வொரு மாலையும் மகனின் அழைப்புக்காகக் காத்திருப்பதும் தவறுதானா?

ம.

அன்புள்ள ம.,

அந்த நான்கு மாதங்களும் பொய்யல்ல. திருமணம் உங்களுக்குத் தந்த மகிழ்ச்சியில் பெரும்பங்கு முகூர்த்த நாளுக்கு முன்பே உங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. இது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், விடுமுறைப் பயணம் போகவிருந்தவர்கள் போகாதவர்களைவிடப் பயணத்துக்கு முன்பே கூடுதல் மகிழ்ச்சியுடன் இருந்தது தெரியவந்தது. திரும்பி வந்தபின் பெரும்பாலோரிடம் அந்த வேறுபாடு இல்லை. மிக நிம்மதியாக ஓய்வெடுத்து வந்தவர்களிடம் மட்டும் சில வாரங்கள் நீடித்தது. ஆகவே திருமணத்துக்கு மறுவாரம் வந்த வெறுமையைக் கொண்டு முந்தைய மாதங்களை எடை போடாதீர்கள்.

சொற்பொழிவாளர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் இருவேறு செயல்களுக்கு நாம் எதிர்பார்ப்பு என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறோம். பிறர் நம்மிடம் இப்படி நடந்துகொள்ள வேண்டும், நாம் செய்ததற்கு ஈடாக இதைத் தர வேண்டும் என்று மனத்துக்குள் கணக்கு வைத்திருப்பது ஒன்று; அது பெரும்பாலும் கசப்பில்தான் முடியும். வரப்போகும் ஒன்றை, அது வரும் காலம் அறிந்து, அதற்கு ஆயத்தம் செய்தபடி எதிர்நோக்கியிருப்பது மற்றொன்று. இரண்டாவதைக் கைவிடச் சொல்லும் எந்த அறிவுரையையும் நான் ஏற்கமாட்டேன்.

காத்திருத்தலை ஒரு நிலத்தின் ஒழுக்கமாகவே வைத்தவர்கள் நம் முன்னோர். சங்கப் பாடல்களில் காட்டு நிலமான முல்லைத் திணையின் உரிப்பொருள், அதாவது அதற்குரிய ஒழுக்கம், இருத்தல்; தலைவன் திரும்பும்வரை தலைவி பொறுத்துக் காத்திருப்பது. தலைவன் கார்காலத்தில் வருவதாகச் சொல்லிச் சென்றிருப்பான்; அந்தப் பருவமே தலைவியின் காத்திருப்புக்கு ஓர் எல்லையைத் தந்தது. சங்க நூலான முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவி வணங்கி, தற்செயலாகக் காதில் விழும் நற்சொல்லை நிமித்தமாகக் கொள்ளக் காத்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். அப்போது ஓர் ஆய்மகள் (இடையர் குலப் பெண்), சிறு தாம்புக் கயிற்றில் கட்டுண்டு தாயைக் காணாமல் தவிக்கும் பச்சிளங் கன்றிடம், குளிரில் நடுங்கும் தோள்களின்மேல் கைகளைக் கட்டியபடி, ‘இன்னே வருகுவர் தாயர்’ (உன் தாயர் இப்போதே வந்துவிடுவர்) என்கிறாள். அந்த ஒரு சொல்லைத்தான் தலைவிக்கு ஆறுதலாகக் கொண்டு வருகிறார்கள். அவள் கண்ணீர் உடனே நின்றுவிடவில்லை என்பதையும் புலவர் மறைக்கவில்லை. ஆனாலும் வருவார்கள் என்ற உறுதி அந்த மாலையைக் கடக்கத் துணை நிற்கிறது. குறளிலோ, அவர் பிரிந்து சென்ற நாள்களைச் சுவரில் குறித்துக் குறித்து விரல் தேய்ந்துபோன ஒருத்தியைப் பார்க்கிறோம் (1261). அவள் எண்ணுவதெல்லாம் கழிந்த நாள்களை. இன்னும் எத்தனை என்பது அவளுக்குத் தெரியாது. நம்மை வாட்டுவது பெரும்பாலும் எல்லை தெரியாத இந்தக் காத்திருப்புத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்றாடத்துக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒரு திருமணம் போதாது. சிறியவையும் வேண்டும், அவற்றில் நம் கைவேலையும் கொஞ்சம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாசி பிறந்ததும் மாவடு வந்துவிட்டதா என்று சந்தையில் விசாரிக்கத் தொடங்குவோம். காம்போடு கூடிய சிறு வடுக்களாகப் பொறுக்கி வாங்கி, கழுவித் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவிக் கல்லுப்புடன் ஜாடியில் அடுக்குவோம். மறுநாள் காலை திறந்து பார்த்தால் அடியில் சிறிது நீர் விட்டிருக்கும். தினமும் ஒருமுறை குலுக்கி வைக்க வேண்டும். மூன்றாம் நான்காம் நாளில் பச்சைத்தோல் சுருங்கத் தொடங்கும். அந்த உப்புநீரை எடுத்து அதிலேயே கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கலந்தால், பிறகு ஊறும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். தயிர்சாதத்துக்கு ஒரு வடுவைக் கடிக்கும் இன்பம் பெரிதுதான். ஆனால் ஒவ்வொரு காலையிலும் ஜாடியைத் திறக்கப்போகும் ஆவல், அடுக்களைக்குள் நுழையும் அந்த நேரத்தையே வேறாக ஆக்கிவிடுகிறது. இன்றைய பொழுதில் வாழ்வது என்பதற்கும் இதற்கும் பகை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நினைத்தது நினைத்தவுடன் வாசலுக்கு வந்துவிடும் காலம் இது. அந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. நோயாளி இருக்கும் வீட்டுக்கு அது பெரும் உதவி. ஆனால் காத்திருக்கும் நாள்களும் அதனோடு போய்விட்டதால், சிலவற்றையாவது நாமாகத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது. படிக்க விரும்பும் புத்தகத்தைச் சனிக்கிழமை மாலைக்கென்று எடுத்து வையுங்கள். தோழியுடன் சிறுமலைக்குப் போவதென்றால் என்றாவது போவோம் என்று விட்டுவிடாமல், நாளைக் குறித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

மகனின் அழைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தினமும் மாலை முழுவதும் தொலைபேசியைப் பார்த்தபடி இருப்பது, அந்தக் குறளில் வருபவளின் காத்திருப்பு. அதில் உங்கள் தவறும் இல்லை, அவன் தவறும் இல்லை. நேரம் குறிக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பேசுவோம் என்று அவனிடமே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். இடையில் அவன் அழைத்தால் அது கூடுதல் மகிழ்ச்சி. அந்த வாரத்தில் அவனிடம் சொல்ல நினைப்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்து வாருங்கள். முதல் ஞாயிறு அவன் மறந்துவிட்டால், வருத்தப்பட்டுக்கொண்டிராமல் எட்டரை மணிக்கு நீங்களே அழைத்துவிடுங்கள்.

அன்புடன்.